இடது தோளில் அரை அங்குலம்

அந்த மஞ்சள் கவுன் அக்காவின் பெட்டியில் இருக்க வேண்டியதே இல்லை.

ஊருக்குக் கிளம்பும் நாள். சாயங்கால ரயில். அக்கா குளித்துக்கொண்டிருந்தாள், அத்தான் கூடத்தில் வாடகை வீட்டுச் சாவியை விரலில் சுற்றியபடி உட்கார்ந்திருந்தார். தன் புடவை ஒன்றைக் காணோமே, அக்கா பெட்டியில் கலந்துவிட்டதோ என்று தேடப்போன சின்னவளின் கையில் பருத்தித் துணி தட்டுப்பட்டது. அவளே தைத்த கவுன். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பிறந்தநாள், சீக்கிரம் தைத்துக் கொடு என்று போன மாதம் அக்கா போனில் அளவு சொல்லி வாங்கியது. பிறந்தநாளெல்லாம் எப்போதோ வந்து போயிருக்கும். கவுனுக்கு அடியில் ஒரு ஜோடி சின்னச் செருப்பு, புத்தம் புதுசு.

பாவம், அக்காவுக்கு இன்னும் மனசு ஆறவில்லை என்றுதான் சின்னவள் முதலில் நினைத்தாள். எப்படி ஆறும்? போன வருஷம் இதே விடுமுறைக்கு, இதே வீட்டுக்கு, மகள் சிட்டுவோடு வந்தவர்கள் கடைசி நாளில் அவளைத் தொலைத்துவிட்டுத் திரும்பினார்கள். உள்ளே தாழ்போட்ட வீட்டிலிருந்து எட்டு வயதுப் பெண் காணாமல் போனாள். போலீஸ் தேடாத இடமில்லை. "அந்த வீட்டுக்கு ஒரு தடவை போய்ட்டு வந்தாத்தான்டி எனக்கு மனசு அடங்கும். நீயும் கூட வா" என்று அக்கா அழுதபோது, சின்னவள் தையல் கடையை இழுத்துப் பூட்டிவிட்டு ஓடி வந்தாள். தாயில்லாத வீட்டில் அவளுக்குச் சோறூட்டித் தலைவாரி வளர்த்தவள் அக்கா. அக்கா கூப்பிட்டு அவள் ஏன் என்று கேட்டதே கிடையாது.

கவுனைப் பழையபடி மடித்தாள். தையல்காரியின் விரல் சும்மா இருக்குமா, தோள் தையலைத் தடவிப் பார்த்தது. இடது தோள் அரை அங்குலம் இறக்கம்.

அக்கா சொல்லித்தான் அப்படி வெட்டினாள். கடையில் கூட்டம், யோசிக்க நேரமில்லை. இப்போது யோசித்தாள். சிட்டுவுக்குப் பிறவியிலேயே இடது தோள் கொஞ்சம் இறக்கம், அதற்குத் தோதாகத்தான் அவளுடைய ஒவ்வொரு கவுனையும் சின்னவள் தைத்திருக்கிறாள். ஆனால் இது போன வருஷத்துக் கவுனைவிடப் பெரிசு. மகள் இருந்திருந்தால் இவ்வளவு வளர்ந்திருப்பாள் என்று பெற்றவள் மனக்கணக்குப் போட்டிருக்கலாம். மனக்கணக்கு பத்து, இருபது என்று முழுசாக வரும். அக்கா போனில் சொன்ன அளவெல்லாம் காலும் முக்காலுமாக இருந்தது. உடம்பில் நாடா வைத்து எடுத்தால்தான் அப்படி வரும்.

போன மாதம் ஆபீஸ் வேலை என்று அக்கா தனியாக இந்த நகரத்துக்கு வந்து போனதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

உள்ளறையில் ஹேங்கர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. வந்த நாளிலிருந்து கேட்கும் சத்தம்தான், காற்று என்று அக்கா சொல்லியிருந்தாள். அங்கே ஜன்னலே கிடையாது.

அக்கா தலையைத் துவட்டியபடி வந்தாள். சின்னவள் கையிலிருந்த கவுனைப் பார்த்தும் அவள் பதறவில்லை.

"கசக்காம வைடி."

"இது யார் அளவுக்கா?"

"டாக்ஸி வந்துடும். உன் பை உள்ளதான் இருக்கு, போய் எடுத்துட்டு வா."

"நான் அங்க வைக்கலையே."

வாசலில் அக்கா, அத்தான் இருவரின் பெட்டிகள் மட்டும் நின்றன. அத்தான் தலை நிமிரவே இல்லை. நாலு நாளாகத் தன் முகத்தை அவர் ஒரு தடவைகூட நேராகப் பார்க்கவில்லை என்பது சின்னவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இருந்தாலும் போனாள். அக்கா சொன்னாளே, அதனால் போனாள்.

உள்ளறையில் ஈரச் சுவரின் வாடை, அதற்கடியில் நெடுநாள் தலைக்குக் குளிக்காத குழந்தையின் வாடை. சுவர் முழுக்க அடைத்த அலமாரி திறந்து கிடந்தது. அவளுடைய பை அதன் தரையில் காலியாக இருந்தது. அவளுடைய புடவைகள், காணாமல் போன அந்த ஒன்றும்கூட, தேய்த்து வரிசையாக ஹேங்கரில் தொங்கின. இங்கேயே குடியிருக்கப் போகிறவளின் அலமாரி போல.

புடவைகள் விலகின.

நீலக் கவுன். போன வருஷம் அவள் தைத்தது. கைக்குழி கிழிந்து, முழங்காலுக்கு மேலே ஏறியிருந்தது. இடது தோள் இறங்கியிருந்தது.

"சிட்டு."

குழந்தை அவளைத் தாண்டி, சுவரைத் தடவியபடி வெளிச்சத்தை நோக்கி நடந்தது. கூடத்திலிருந்து, "வா கண்ணு, அம்மாகிட்ட வா" என்றாள் அக்கா. அவள் அத்தனை ஆசையாகப் பேசி வருஷமாகியிருந்தது.

"சித்தி வரலையாம்மா?"

"சித்தி இருக்கட்டும்டா."

உள்ளறைக் கதவு மூடிக்கொண்டது. வெளியே தாழ் விழுந்தது.

"அக்கா, கதவத் திற." இரண்டு கையாலும் தட்டினாள். "அக்கா, நான்தான். திறக்கா."

கதவை ஒட்டி அக்கா மூச்சு வாங்குவது கேட்டது. அழுகிறாள். அழுதுகொண்டேதான் சொன்னாள்.

"அவ சின்னப் புள்ளடி. நீ தாங்குவ."

அவளுக்குப் பதிலாக வைக்கத்தானா கூட்டி வந்தாய் என்று கேட்க நினைத்தாள். அதற்குள் புதுச் செருப்பு டக் டக்கென்று கூடத்தைக் கடந்தது. பெட்டிகளின் சக்கரங்கள். அத்தானின் இருமல். வாசல் கதவு. பிறகு லிஃப்ட்.

பிறகு ஒன்றுமில்லை.

முதுகுக்குப் பின்னால் ஒரு ஹேங்கர் நகர்ந்தது. இன்னொன்று. சின்னவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

சில்லென்று ஒரு விரல் அவள் இடது தோளின் முனையில் வந்து அழுந்தியது. நாடாவின் நுனியைப் பிடிப்பவள் அழுத்துவது போல, அசையாமல் அங்கேயே நின்றது. இன்னொரு விரல் அவள் முதுகின் குறுக்கே, நிதானமாக, வலது தோளை நோக்கிப் போகத் தொடங்கியது.