சரளி சொன்ன சம்மதம்

காலையில் பல் தேய்த்த கையோடு செல்வின் தொண்டைக்குழியில் சரளியை ஒட்டிக்கொள்வான். பொட்டு மாதிரி ஒரு சின்னப் பட்டை, அவ்வளவுதான். நாக்கு எங்கே திக்குகிறதோ, அங்கே அது முந்திக்கொண்டு அவன் குரலிலேயே வாக்கியத்தை முடித்துவிடும். குடிநீர்ப் புகார்ப் பிரிவில் அவனுக்குச் சோறு போடுவதே அதுதான். புதுசில் கம்பெனி பதிந்து கொடுத்த நல்ல வார்த்தைகளைச் சொல்லும்; போகப்போக நாம் அதிகம் சொல்வதைத்தான் சரளி கற்கும். புகார் கேட்கிறவன் வேறு என்னத்தைச் சொல்லப்போகிறான்? "சரிங்க, அப்படியே பண்ணிடலாம்."

வீட்டுக்கு வந்ததும் கழற்றி வைத்துவிடுவான். மகள் ஷைனிக்கும் திக்கும். அப்பனும் மகளும் சோறு ஆறி அவலாகும்வரை திக்கித் திக்கிக் கதை பேசுவார்கள். அவனுக்கு உலகத்தில் அதைவிடச் சுகம் எதுவுமில்லை.

திக்கும் பிள்ளைக்குச் சரளி பொருத்தினால்தான் பள்ளியில் இடம். தகப்பன் நேரில் வந்து மறுத்தால் விலக்கு உண்டு. மறுக்கத்தான் போகிறேன் என்று செல்வின் ஒற்றைக்காலில் நின்றான். மனைவி ரூபாவோ, "ஸ்கூல்ல பிள்ளைங்க கேலி பண்ணுனா நீங்களா கூட இருப்பீங்க?" என்று கேட்டுவிட்டு அழுதாள். அவள் பயமும் பொய்யில்லை.

சரளி பொருத்தகத்தில் இருந்த பெண் பதிவுக்கருவியைத் திருப்பி வைத்துக் கேட்டாள்: "பாப்பாவுக்குப் பொருத்தலாமா சார்?"

வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்த பதில்தான். முதல் எழுத்திலேயே தொண்டை அடைத்தது. சரளிக்கு அடைக்கவில்லை.

"சரிங்க, அப்படியே பண்ணிடலாம்."

செல்வின் பட்டையைப் பிய்த்தெறிந்துவிட்டு, கழுத்து நரம்பு புடைக்க அந்த ஒரு சொல்லோடு மல்லுக்கட்டினான்.

"திக்குறவங்க வெறுந்தொண்டையில பேசுறது பதிவாகாது சார்," என்றாள் அந்தப் பெண், தன்மையாகத்தான். "அதான் சம்மதம் சொல்லிட்டீங்களே."

எழுதித் தருகிறேன் என்று சைகை காட்டினான். வாய்மொழி மட்டும்தான் செல்லுமாம். ரூபாவைப் பார்த்தான். அவளாவது ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பொருத்தி முடித்துப் பிள்ளையை வெளியே அழைத்து வந்தார்கள். அப்பனைக் கண்டதும் ஓடி வந்து, உள்ளே நடந்ததைச் சொல்ல வாயெடுத்தாள்.

"எப்பா, வ... வ..."

"வலிக்கவே இல்லைப்பா. ரொம்ப நல்லா இருந்துச்சு."

கணீரென்று, ஒரு பிசிறில்லாமல் வந்தது. ரூபா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். ஷைனி சிரிக்கவில்லை. பேசியது யாரென்று தன் முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தாள்.