செம்புக் கடையில் ஒரு பிளாஸ்டிக் வாளி

அந்த மீனின் விலை ஒரு கோப்பைத் தேநீரின் விலைதான். ஆனால் மறைந்த அம்மாவின் தொட்டியில் மிஞ்சிய கடைசிக் கப்பி மீன் அதுதான்... மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகளிடம் கேட்டால் விலையே கிடையாது.

வீடு மாறும் நாளாகப் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. மீன் இருந்த பை ஒழுகத் தொடங்க, அந்த மருந்துக்கடைப் பெண் எதிரே தெரிந்த பாத்திரக்கடைக்குள் ஓடினாள்.

"ஏங்க... சீக்கிரம் ஏதாவது பாத்திரம் குடுங்க. மீன் செத்துடும்."

கல்லாவில் இருந்த சின்ன முதலாளி நிமிர்ந்தான். நனைந்த அந்தக் கண்கள்... பேரத்திலேயே வளர்ந்தவனுக்கு அன்று விலை சொல்ல வாய் வரவில்லை. கடையிலேயே உசத்தியான செம்புக் குடத்தைத் தூக்கிக் குழாயடிக்கு ஓடினான்.

"ஐயோ, செம்பா? மீனுக்கு விஷம்ங்க. குழாய்த் தண்ணியும் அப்படியே ஆகாது. குளோரின் போக ஒரு நாளாவது பிடிச்சு வைக்கணும்."

"மூணு தலைமுறையா செம்பு விக்கிறோம். விஷம்னு சொன்ன மொத ஆள் நீங்கதான்."

"மூணு தலைமுறையா மீன் எதுவும் வாங்க வரலை போல."

சிரித்துவிட்டான். மேசைமேலிருந்த கண்ணாடி ஜாடியிலிருந்து மிட்டாய்களைக் கவிழ்த்தான், மழையில் அலசி நீட்டினான். பையில் மிச்சமிருந்த தண்ணீரோடு கப்பி உள்ளே சரிந்தது. அசையவில்லை... பிறகு மெல்ல வாலை விசிறியது.

"ரொம்ப நன்றிங்க" என்று ஜாடியை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

உள்ளிருந்து அவன் அப்பா வந்தார். "எங்க செம்பை விஷம்னு சொன்னது யாரு? மழை விட்டதும் கிளம்பட்டும்."

அவள் மழை விடும்வரைகூட நிற்கவில்லை.

ஜாடியைத் திருப்பித் தர எத்தனையோ முறை கிளம்பினாள். ரோஷம் தெருமுனையிலேயே திருப்பி அனுப்பியது. இதற்குள், ஏற்கெனவே சினையாக இருந்த கப்பி குட்டி போட்டது. தாயே தின்றுவிடாமல் செடிகளுக்குள் ஒளிந்து பிழைத்தவற்றில் நாலைந்தை ஜாடியில் விட்டு, ஒரு வழியாக வந்து நின்றாள்.

பளபளக்கும் செம்புகளுக்கு நடுவே... ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் வாளி. நிறையத் தண்ணீர்.

"வாம்மா" என்றார் பெரியவர். "உன்னால என் கடை மானமே போச்சு. எப்பவும் இதுல தண்ணி பிடிச்சு வைக்கிறான், நாலு நாளைக்கு ஒருக்கா கொட்டிட்டு மறுபடி பிடிக்கிறான். கேட்டா, 'அவங்க எப்ப வருவாங்களோ, குளோரின் போன தண்ணி தயாரா இருக்கணும்ப்பா'ங்கிறான்."

சின்ன முதலாளியின் காதுகள் செம்பாய்ச் சிவந்தன.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஐயா, அந்தக் குடம் என்ன விலை? நாங்க குடிக்கிறதுக்கு."

அவர் சொன்னார். அவள் கூசாமல் பாதிக்குக் கேட்டாள். பெரியவர் மகனைப் பார்த்தார். "டேய், இவ நம்ம ஆளுடா." குடத்தைத் துடைக்க உள்ளே போனார்.

"எனக்கு... உங்களைப் பிடிச்சிருக்குங்க" என்றான் அவன், வாளியைப் பார்த்தபடி.

அவளும் வாளியைத்தான் பார்த்தாள். "தொட்டியில ஒரு தடவைக்குக் கால்வாசித் தண்ணிதான் மாத்தணும். முழுசா மாத்தினா மீன் தாங்காது. அதனால..."

"அதனால?"

"வாரா வாரம் எங்க வீட்டுக்கு ஒரு வாளி வேணும். நீங்களே கொண்டு வாங்க."

ஜாடி வந்துவிட்டது, குஞ்சுகள் வட்டி. குடத்துக்குப் பேரம் படிந்தது. அம்மாவின் மீன் இன்னும் நீந்துகிறதே, அந்தக் கடன் மட்டும் பாக்கி... அவளுக்கு அடைக்க மனமில்லாத பாக்கி.