வரைபடத்தில் பச்சை

வேலை முடிந்து வந்து வீட்டுக் கதவைத் திறந்த லிப்ட் மெக்கானிக்கின் மூக்கில், அப்போதுதான் வெட்டிய புல்லின் வாசனை ஏறியது. வீதிக்கொரு பூங்கா வைத்து, கோடு போட்டுக் கட்டிய நகரம். புல் வாசனைக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஜன்னல்களெல்லாம் சாத்தியிருந்தன. கூடத்துத் தரை ஈரமாக மினுங்கியது.

"பூங்காக்காரங்க தண்ணி விட்டுட்டுப் போனாங்க," என்றாள் மனைவி.

"வீட்டுக்குள்ளயா? நீ பாத்துக்கிட்டா இருந்தே?"

"ஆர்டர் இருக்காம்ங்க."

மறுநாள் நகர அலுவலகத்தில் அறை அறையாக அலைந்தான். புது வரைபடத்தில் அவன் மனைக்குப் பச்சை அடித்திருந்தார்கள்.

"பச்சைன்னா பூங்கா," என்றார் எழுத்தர்.

"அது வீடு சார். உள்ள என் பொண்டாட்டி இருக்கா."

"பூங்காவுல யாரும் குடியிருக்கக் கூடாதே."

"அப்ப நான் எங்கேருந்து வரேன், மரத்துலேருந்தா?"

எழுத்தர் சிரிக்கவில்லை. "கமிட்டி கூடித் திருத்தும். அதுவரைக்கும் அனுசரிச்சுக்குங்க."

பூட்டை மாற்றினான். அதற்கும் பூங்காக்காரர்களிடம் சாவி இருந்தது. தொண்டை வறளக் கத்தினான். தோட்டக்காரர்கள் மரியாதையாகச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள்.

"கிளம்பு, உங்கக்கா வீட்டுக்குப் போயிடலாம்," என்றான் மனைவியிடம்.

"நாளைக்குப் போலாங்க. காலெல்லாம் கனக்குது."

அவள் சோற்றைத் தொடவில்லை. தண்ணீர் மட்டும் செம்பு செம்பாகக் குடித்தாள். அந்தி மங்கும் நேரத்தில், தரைக்கடியிலிருந்து காகிதத்தை நகத்தால் கீறுவதுபோன்ற மெல்லிய அரவம் எழுந்து, சமையலறையைத் தாண்டி, கூடத்தின் ஓரமாக ஊர்ந்து, அவள் நாற்காலிக்கடியில் வந்து நின்றுகொண்டது. குனிந்து காது வைத்தான். உறிஞ்சும் சத்தம்.

இனிப் பொறுப்பதற்கில்லை. விடிந்ததும் வண்டி பிடித்துவரப் போனான்.

திரும்பியபோது கதவு திறந்து கிடந்தது. கூடத்தின் நடுவே ஓடுகளைப் பெயர்த்திருந்தார்கள். ஈரமண். அதில் அவள் நின்றிருந்தாள். கணுக்கால் வரை. முதுகோடு சேர்த்துக் கட்டிய ஒரு மூங்கில் கழி. தோட்டக்காரர் ஒருவர் மண்டியிட்டு, உள்ளங்கையால் மண்ணை அணைத்துக்கொண்டிருந்தார்.

"வா!" அவள் கையைப் பற்றி இழுத்தான்.

"ஐயோ அண்ணே, இழுக்காதீங்க! இப்பதான் வேர் புடிச்சிருக்கு. பட்டுப்போயிடும்."

விடவில்லை. இழுத்தான். தரைக்கடியில் ஏதோ அறுந்தது. ஒன்று. இன்னொன்று. அவள் வாய் அகலத் திறந்தது. சத்தம் வரவில்லை. அவன் பிடித்திருந்த அவள் விரல்கள், நுனியிலிருந்து இலைபோலப் பழுக்கத் தொடங்கின. மஞ்சளாக.