மேசைக்கு அடியில் நான்கு கால்கள்

ஒரு வாரமாக வாலுவின் வீட்டில் யாருமே அவரவராக இல்லை. பார்த்துப் பார்த்து அவளுக்கு அலுத்துவிட்டது.

அவளுடைய அப்பா ஓர் அச்சகத்தில் தாள் வெட்டும் இயந்திரத்தை இயக்குபவர். அங்கே மேற்பார்வையாளர் வேலை ஒன்று காலியாக இருந்தது. பெரிய மனிதர்போலத் தோன்றினால்தான் அது கிடைக்கும் என்று அவர் முடிவுகட்டிவிட்டார். மாமாவின் பளபளக்கும் ஷூவை இரவல் வாங்கினார். அதுவோ ஓர் அளவு சிறியது. நாள்தோறும் அதை அணிந்து வேலைக்குச் சென்று, மாலையில் நொண்டியபடி திரும்பினார். பெரிய மனிதர்கள் அதிகம் சிரிக்கமாட்டார்கள் என்று சிரிப்பையும் நிறுத்திக்கொண்டார்.

அச்சக மேலாளர் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவதாகச் சொல்லியனுப்பினார். வாசலில் செருப்பைக் கழற்றாதவர்களை அதட்டும் அம்மாவே, "பெரிய இடத்துல வீட்டுக்குள்ளயும் ஷூ போடுவாங்களாம்" என்று சொல்லிவிட்டார். இந்தக் கூத்தை என்னவென்று சொல்வது?

மேலாளர் வந்தார். அவரும் சாப்பாட்டு மேசை முன் அப்பாவுக்கு எதிரே விறைப்பாகவே அமர்ந்தார். இருவரும் தொண்டையைச் செருமிக்கொண்டு உலக நிலவரத்தைப் பேசினர். வாலுவுக்குக் கொட்டாவி வந்தது. கையிலிருந்த கரண்டி நழுவி விழ, எடுக்கக் குனிந்தாள்.

மேசைக்கு அடியில் வேறு கதை நடந்துகொண்டிருந்தது. அப்பாவின் குதிகால்கள் ஷூவை விட்டுப் பாதி வெளியே வந்திருந்தன. மேலாளரின் குதிகால்களும் அப்படியே. நான்கும் வலி தாங்காமல் நெளிந்துகொண்டிருந்தன.

சொன்னால் இருவருக்கும் வெட்கம். சொல்லாவிட்டால் இருவருக்கும் கொப்புளம். வாலு சற்று யோசித்துவிட்டு எழுந்தாள்.

"சார், கோச்சுக்காதீங்க. எங்க வீட்டுல ஷூவ வாசல்லயே கழட்டிடணும். இல்லன்னா அம்மா திட்டுவாங்க. அப்பாவையும் சேர்த்துத்தான்."

அம்மாவின் முகம் சிவந்தது. வேலை போயிற்று என்று அப்பா கண்களை மூடிக்கொண்டார்.

மேலாளரோ அதற்குள் குனிந்து நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தார். காலுறையின் ஓட்டை வழியே கட்டைவிரல் எட்டிப்பார்த்தது.

"வீட்டுக்காரி வாங்கிக் கொடுத்தது. மேனேஜர்னா மிடுக்கா இருக்கணுமாம். உயிர் போகுது" என்றார். பிறகு அப்பாவின் கால்களைப் பார்த்தார். "ஒரு வாரமா நீங்க நொண்டினது இதனாலதானா? கால்ல ஏதோ கோளாறுன்னு நெனச்சு, நாள் முழுக்க நிக்கிற மேற்பார்வை வேலைய உங்களுக்குக் கொடுக்கலாமான்னு கேக்கத்தான் வந்தேன்."

அப்பா சிரித்தார். அது அவருடைய சொந்தச் சிரிப்பு.

மறுநாள் காலை ஷூ மாமா வீட்டுக்குத் திரும்பியது. பழைய செருப்போடு மேற்பார்வை வேலைக்குப் போன அப்பா, மாலையில் நொண்டாமல் வந்து, செருப்பை வாசலிலேயே கழற்றினார்.