பதினொரு விநாடி

குழாயை மூடியதும் அது "பத்மலோசனி" என்றது. அடுப்பை அணைத்தால் "இஸ்மத் அலி". லிஃப்ட் தரையில் வந்து நின்றதும் வாய் நிறைய "குஞ்சிதபாதம்". அங்கயற்கண்ணி காலையில் வேலைக்குக் கிளம்பித் தெருவை எட்டுவதற்குள் பதினைந்து பெயர்களாவது காதில் விழுந்துவிடும். எல்லாம் அந்தந்தக் கருவிக்கு நிரல் எழுதியவர்களின் பெயர்கள். கருவி எப்போது ஓய்கிறதோ, அப்போது அதன் பெயரொலி பேச வேண்டும் என்பது சட்டம்.

நல்ல சட்டம்தான். எழுதியவன் ஒரு மூலையில் கிடக்க, விற்றவன் மாலை வாங்கிக்கொண்ட காலம் ஒன்று இருந்ததே! அங்கயற்கண்ணியின் அப்பா முப்பது வருடம் நிரல் எழுதியவர். அவர் பெயர் எதிலும் இல்லை, இறந்தபோது அலுவலகத்திலிருந்து ஒரு ஈ காக்கை வரவில்லை. அந்த ஆத்திரத்தில்தான் அவள் தேடுநர் வேலைக்கு வந்தாள். பெயர் சொல்லாமல் ஒளிந்திருக்கும் மேதைகளைக் கண்டுபிடித்து ஊரறியச் செய்வது தேடுநரின் வேலை.

மாநிலத்தில் பெயரில்லாமல் மிச்சமிருந்த பெரிய நிரல் ஒன்றே ஒன்று. ஆஸ்பத்திரிகளின் மூச்சுப்பொறி. வென்டிலேட்டர் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். யாரோ எழுதி, இலவசமாக எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் அனுப்பிவிட்டு மறைந்துபோயிருந்தார். அவ்வளவு சுத்தமான நிரலை அவள் பார்த்ததில்லை. ஒரே ஒரு விநோதம். நோயாளியின் உயிர் அடங்கியதும் அந்தப் பொறி சத்தமோ வெளிச்சமோ இல்லாமல் பதினொரு விநாடி சும்மா இருக்கும். அதற்குப் பிறகுதான் மணியடித்து நர்ஸைக் கூப்பிடும். பிழை என்று பலர் எழுதியிருந்தார்கள். அவளுக்கு அப்படித் தோன்றவில்லை.

மூன்று வருடம் அலைந்தாள். கடைசியில் சாயர்புரத்துக் கல்லறைத் தோட்டத்தின் தானியங்கிக் கதவில் மாட்டினார் மனிதர். கடைசி ஆள் வெளியேறிய பின்னும் அந்தக் கதவு பதினொரு விநாடி பொறுத்துத்தான் சாத்திக்கொண்டது. கதவுக்கு நிரல் எழுதிக் கொடுத்தது யார் என்று தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையைக் கேட்டாள். அவர் பெயரைச் சொல்லி, கையை நீட்டி ஒரு வீட்டைக் காட்டினார்.

எழுதியவருக்கு எழுபது வயதிருக்கும். வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தேடுநர்களுக்கு ஒரு முறை உண்டு. ஆளைக் கண்டதும் கைகூப்பி, முழுப்பெயரை மூன்று தடவை உரக்கச் சொல்ல வேண்டும். தேடுநரின் குரலே பதிவு, மூன்றாவது தடவையோடு பெயர் நிரலில் ஏறிவிடும். சம்மதம் கேட்பதில்லை, கூச்சக்காரர்களிடம் கேட்டால் கிடைக்கவா போகிறது?  அப்பாவுக்குச் செய்ய முடியாததை இவருக்குச் செய்கிறோம் என்று அவளுக்கு நெஞ்சு விம்மியது.

"தேவசகாயம் ஞானதிரவியம்" என்றாள். இரண்டாவது தடவை சொல்லும்போது அவர் பதறி எழுந்து கையை ஆட்டினார். கீரை முறம் கவிழ்ந்தது. கூச்சம் என்றுதான் நினைத்தாள். மூன்றாவது தடவையும் சொல்லி முடித்தாள்.

 அவர் திட்டவில்லை. உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"கூச்சம்னு நெனச்சிட்டீங்க. அதுவும் உண்டும்மா, இல்லைன்னு சொல்லல. ஆனா அதுக்காக நான் ஒளியல."

அவர் மனைவி கிரேஸ் பழைய மூச்சுப்பொறியில் கிடந்து இறந்தவர். மூச்சு நின்ற பிறகும் கொஞ்ச நேரம் காது கேட்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். இவர் குனிந்து வாயைத் திறந்த நேரம், பொறி ஓய்ந்து, எழுதியவர் பெயரைக் கணீரென்று சொல்லியது.

"நாப்பது வருசம் கூட இருந்தேன். அவ காதுல கடைசியா விழுந்தது எவனோ ஒருத்தன் பேரு. அதான் வேற எழுதுனேன்."

பதினொன்று என்ன கணக்கு என்று கேட்டாள். கேட்கும்போதே ஏன் கேட்டோம் என்றிருந்தது.

"அவகிட்ட சொல்ல நெனச்சத வீட்டுல தனியா சொல்லிப் பார்த்தேன். அவ்வளவு நேரந்தான் ஆச்சு."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மூச்சுப்பொறிக்கு இருக்கிற ஒரே ஓய்வு அந்தப் பதினொரு விநாடிதான். பெயரொலி அங்கேதான் போய் உட்காரும். அங்கேயே நின்று அலுவலகத்தைக் கூப்பிட்டாள், கெஞ்சினாள், அழுதாள். கொடுத்த மரியாதையைத் திரும்ப வாங்க விதியில்லை என்றார்கள். அத்தனை பொறிகளுக்கும் பெயர் போய்ச் சேர்ந்துவிட்டது என்று சொல்லி அவளைப் பாராட்டவும் செய்தார்கள்.

அதற்குப் பிறகு அவள் ஒரு ஆளையும் தேடவில்லை. நான்கு மாதம் கழித்து, மன்னிப்பாவது கேட்போம் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு சாயர்புரம் போனாள்.

அவர் வீட்டு வாசலில் ஆரம்பித்துத் தெருமுனை வரை வரிசை நின்றது. கூட்டம்தான், பேச்சில்லை. பெயர் பெற்றவரைப் பார்க்க வந்தவர்களோ என்று முன்னால் நின்ற ஆளிடம் விசாரித்தாள். அவர் திருச்செந்தூர்க்காரர். போன வாரம் தன் தங்கை இறந்ததாகச் சொன்னார். "என்னமோ சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள இவரு பேரு வந்துட்டு. வீட்டுல இருக்க முடியலம்மா. அத யாருகிட்டயாவது சொல்லணும்லா?"

எல்லோரும் அதற்காகத்தான் வந்திருந்தார்கள். கூட்டத்தைக் கண்டால் தலைகுனியும் அந்த மனிதர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மிகவும் மெலிந்திருந்தார். ஒவ்வொருவராகக் குனிந்து, அன்று சொல்லாமல் போனதை அவர் காதில் சொல்லிவிட்டு எழுந்து போனார்கள்.

அங்கயற்கண்ணியின் முறை நெருங்கியது. அவளுக்கு இரண்டு ஆள் முன்னால் ஒரு பெண், முப்பது வயதுகூட ஆகியிருக்காது. அவரருகே மண்டியிட்டு அந்த நரைத்த தலையைத் தடவிக்கொடுத்தாள்.

"பயப்படாத ராசா. அம்மா இங்கனதான் இருக்கேன்."

அவர் கண்களை மூடிக்கொண்டார்.

"சரிம்மா" என்றார்.