லைட்ஸ்: கிருஷ்ணப்ரியா

“இருட்டுல உட்கார்ந்து பட்டனை அழுத்துறவளுக்கு எதுக்கும்மா பேரு?”

நாடகத்தன்று மதியம் கோவிந்தராஜன் சார் கேட்ட கேள்வி இது. பாணேரில் உள்ள ஒரு பள்ளிக்கூடத்தின் நாடக ஆசிரியர் அவர். அச்சகத்திலிருந்து வந்த நிகழ்ச்சிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே, கிருஷ்ணப்ரியாவின் முகத்தைக்கூடப் பார்க்காமல் கேட்டார். போதாததற்கு, “ஹரீஷே சொல்லிட்டானே, உனக்கு அதெல்லாம் வேண்டாம்னு” என்றார்.

அவளுக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. மூன்று மாதம்... மூன்று மாத உழைப்பு! சமோசா கொடுத்த கடைக்குக்கூட அந்தப் புத்தகத்தில் நன்றி இருக்கிறது. லைட்ஸ் என்ற இடத்தில் மட்டும் ஒற்றை ஹரீஷ்!

ஹரீஷ்...

ஜூலை மழையில்தான் அவனை முதலில் பார்த்தாள். இல்லை, பார்க்கக்கூட இல்லை. அம்மா சாவித்ரி தைத்த நாடக உடைகளை லோஹேகாவிலிருந்து சொட்டச் சொட்ட நனைந்து கொண்டுவந்து, இருட்டு மேடையில் கால் வைத்தாள். ஏணி உச்சியிலிருந்து ஒரு குரல் மராத்தியில் கத்தியது.

“ஹலூ நகோ! திதேச் தாம்ப்!”

அப்படியே உறைந்து நின்றாள். பளீரென்று ஒரு விளக்கு அவள் முகத்தில் விழுந்தது.

“கண்ணு அவிஞ்சு போகுது... லூசு” என்று முணுமுணுத்தாள்.

மேலே சிரிப்பு. “லூசுக்குத் தமிழ் தெரியுங்க. ரெண்டே நிமிஷம் அசையாம நில்லுங்க. ஆள் நின்னாத்தான் வெளிச்சம் மூஞ்சியில விழுதா, கழுத்துல விழுதான்னு தெரியும்.”

“அதுக்கு நான்தான் கிடைச்சேனா?”

“நனைஞ்ச முகத்துல லைட் இவ்ளோ அழகா நிக்கும்னு இன்னைக்குத்தாங்க தெரிஞ்சுது.”

இறங்கி வந்தான். கோயம்புத்தூர்க்காரன். ஹிஞ்சேவாடியில் சாஃப்ட்வேர் வேலை. சனி, ஞாயிறுகளில் இந்தப் பள்ளி நாடகத்துக்கு லைட்ஸ். புருவமெல்லாம் தூசி, அதற்குக் கீழே... சிரித்து முடிக்காத இரண்டு கண்கள். அவள் சட்டென்று தலைகுனிந்தாள்.

இருபத்தொரு வயது அவளுக்கு. விமானப்படையில் அப்பாவுக்கு மாற்றலுக்கு மேல் மாற்றல். ஊருக்கு ஒரு மொழி, வகுப்புக்கு ஒரு கேலி. பதினொன்றாம் வகுப்பில் பெயர் கூப்பிட்டபோது பதில் சொல்லக் குரல் வரவில்லை. அன்றோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அவளைத்தான் அவன் விளக்குகளை இயக்கும் லைட் போர்டின் முன் உட்காரவைத்தான். ஹெட்செட்டில் “ரெடியா?” என்று கேட்டால் “ரெடி” என்று திருப்பிச் சொல்ல வேண்டும், சொல்லும்வரை மேடையில் யாரும் நகரக்கூடாது. அங்கே அதுதான் சட்டம். முதல் வாரம் அவளால் பத்துப் பிள்ளைகள் இருட்டிலேயே நின்றார்கள். இரண்டாவது வாரம் ஒரு ஈனக்குரல். ஆகஸ்ட் முடிவதற்குள், “ரெடின்னு எப்பவோ சொல்லிட்டேன், இன்னும் அங்க என்ன பண்றீங்க?” என்று அவளே அதட்டினாள். மூன்றாவது காட்சியில் நீலத்தைக் குறைத்து, ஓரத்து வெளிச்சத்தில் மட்டும் மழையைக் கொண்டுவந்தது அவள் யோசனை. நாடகத்தின் அறுபத்திரண்டு விளக்கு மாற்றங்களும் அவள் கையெழுத்தில் இருந்தன.

அந்தப் பெண்ணுக்குப் பேர் வேண்டாமாம்!

விறுவிறுவென்று லைட் ரூமுக்கு ஏறிப்போய், புத்தகத்தை ஹரீஷின் முன்னால் வீசினாள்.

“எனக்குப் பேர் வேண்டாம்னு யார் சொன்னது?”

அவன் முகம் வெளுத்தது. “நீ கூச்சப்படுவியேன்னு... நான்தான் சார்கிட்ட...”

“என்னைக் கேட்டீங்களா?”

“இல்ல...”

“கூச்சம் என்னோடது. அதைச் சாக்கா வெச்சு என் பேரை அழிக்க நீங்க யாரு?”

“ப்ரியா, நான் நல்லதுக்குத்தான்...”

“எல்லாரும் நல்லதுக்குத்தான்! ஒருத்தி பேசலைன்னா போதும், அவளுக்காக ஊரே பேசிடுது!”

மாலை நாடகத்தில் அவள் ஒரு விளக்கைக்கூடத் தவறவிடவில்லை. அவனிடம் வேலைக்கு வேண்டியதைத் தவிர ஒரு சொல் பேசவுமில்லை. முடிவில் கோவிந்தராஜன் சார் மைக்கில் பெயர்களை வாசித்தார்.

“லைட்ஸ்... மிஸ்டர் ஹரீஷ்!”

கைதட்டல் எழுந்தது. ஹரீஷ் போகவில்லை. எழுந்து கதவைத் திறந்து, அவளுக்கு வழிவிட்டு நின்றான்.

படியிறங்கினாள். அத்தனை பெற்றோருக்கும் நடுவே நடந்து, மேடையேறி, கையை நீட்டினாள்.

“சார், மைக்கைக் கொஞ்சம் கொடுங்க.”

அவர் கொடுத்துவிட்டார். எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை போலும்.

ஹிந்தியில் ஆரம்பித்தாள், வரவில்லை. தமிழிலேயே சொன்னாள். “இந்த நாடகத்துக்கு லைட்ஸ் போட்டது நான். என் பேரு கிருஷ்ணப்ரியா.”

முதலில் கத்தியது திரைக்குப் பின்னாலிருந்த பிள்ளைகள்தான். பிறகு அரங்கமே கைதட்டியது. கோவிந்தராஜன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “ஆமா... ஆமா, இந்தப் பொண்ணுதான்” என்றார்.

மேடைக்குப் பின்புறப் படிக்கட்டில் ஹரீஷ் காத்திருந்தான். “ப்ரியா, நான்...”

“பேசாதீங்க. இன்னைக்கு நான் பேசறேன்.” அவன் கண்களை நேராகப் பார்த்தாள். “எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்ப. ஆனா கோபமும் தீரல. ரெண்டும் சேர்ந்துதான் இருக்கு, என்ன பண்றது? கோபம் தீர்ந்ததும் நானே கூப்பிடறேன். உங்க பதிலை அன்னைக்குச் சொன்னாப் போதும். இப்ப ஒண்ணும் சொல்லாதீங்க... போங்க.”

ஹரீஷின் கண்கள் பளபளத்தன. அவளையே ஒரு கணம் பார்த்தான். பிறகு ஒரு வார்த்தையும் பேசாமல், படியிறங்கிப் போனான்.