மிதவைச் செம்மல் மூழ்கிய வழக்கு

காலை 10.31. ஆண்டு விழாவுக்கு வந்த இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, நீச்சல் மன்றத் தலைவர் ‘மிதவைச் செம்மல்’ மூழ்கினார்.

அவசரமே இல்லாத மூழ்கல். முதலில் கால்கள் இறங்கின. பிறகு தொந்தி, ஒரு தீவு கடலுக்குத் திரும்புவதுபோல. கடைசியாக மீசை. பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தின் மிச்சம் குமிழ்களாக மேலே வந்து ஒவ்வொன்றாக உடைந்தது. அவருடைய மாப்பிள்ளை வீசிய மிதவை வளையத்தைப் பிடித்துத்தான் கரையேறினார்.

பன்னிரண்டு ஆண்டுகளாக மிதந்தவர். மல்லாந்து, கண்மூடி, கைகால் அசைக்காமல் அரை மணி நேரம். “நீந்துறது கூலிக்காரன் வேலை, மிதக்கிறது ஞானி வேலை” என்பார். ஆகவே நீச்சல் கற்கவில்லை. ‘அகந்தை உள்ளவனே மூழ்குவான்’ என்ற அவருடைய பொன்மொழி வாசலில் பளிங்கில் வெட்டியிருக்கிறது.

11.15க்கு வந்த பெண் இன்ஸ்பெக்டர் அதை இரண்டு முறை படித்துவிட்டு உள்ளே நுழைந்தார். அவருக்கும் நீச்சல் தெரியாது. தண்ணீரைப் பார்த்தால் கேட்க வந்த கேள்வியே மறந்துபோகும். கூரையில் ஒளி வலைவலையாக அசைந்துகொண்டிருந்தது.

“சதி!” என்றார் செம்மல், துண்டைப் போர்த்தியபடி. “அதோ நிக்கிறாளே, வலைக்காரி. அவதான்.”

குளத்தில் இலை அள்ளும் பெண். கையில் நீளக் கழி வலை, பெயரும் அதனால்தான். இடுப்பில் சாவிக்கொத்து தொங்கும் இடம் காலி. பதினெட்டு வருட வேலையைப் பத்து நிமிடத்தில் பிடுங்கியிருந்தார்கள்.

“என்ன பண்ணாங்க?”

“காலையில புதுத் தண்ணி விட்டிருக்கா! பழைய தண்ணிக்கு என்னைத் தெரியும், தாங்கும். இவ தண்ணியில தண்ணியைக் கலந்துட்டா. சுவர் ஆணியில இருந்த வளையத்தையும் ஒளிச்சு வெச்சிருக்கா. நல்லவேளை, மாப்பிள்ளை கையில கிடைச்சுது.”

“ஒன்பது மணிக்கு என் கையால மாட்டினேம்மா,” என்றாள் வலைக்காரி. “தண்ணி ரெண்டு விரல் குறைஞ்சிருந்தது, விட்டேன். தண்ணிக்கு ஆள் அடையாளம் தெரியும்னு இத்தனை வருஷமா யாரும் சொல்லலையே.”

இன்ஸ்பெக்டர் சிரிப்பை இருமிச் சமாளித்தார். “சார், இந்த வருஷம் புதுசா என்ன நடந்தது?”

“எப்பவும் மௌனமா மிதப்பேன். இன்னிக்கு மேயர் வந்திருந்தார். அதனால மிதந்துகிட்டே உரை. மாப்பிள்ளை எழுதினது, ஒரு மாசம் மனப்பாடம். முற்றுப்புள்ளி வராம நான் மூச்சு வாங்கமாட்டேன், தெரியுமா? பாதி வாக்கியத்துல மூச்சு வாங்கறவன் பாமரன்.”

மாப்பிள்ளை பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். கொடியில் காயும் சட்டைபோல இருந்தார்.

“நீங்க நீந்துவீங்களா?”

“மூழ்குவேன் மேடம். எலும்பும் தோலும்தானே. வருஷா வருஷம் விழாவுல மாமா என்னைத் தண்ணியில படுக்கச் சொல்வார். மூழ்கினதும், ‘பாத்தீங்களா, தலைக்கனம்!’ம்பார். எல்லாரும் சிரிப்பாங்க.”

“எத்தனை வருஷமா?”

“கல்யாணம் ஆனதுலேருந்து. பதினொண்ணு.”

11.50. இன்ஸ்பெக்டர் புகைப்படக்காரரின் கேமராவை வாங்கிப் பார்த்தார். 10.18: மேயர் கைகூப்புகிறார், பின்னால் வளையம் மாட்டும் ஆணி காலி. ஓரத்தில் யாருடைய மெலிந்த முழங்கையோ, அதையொட்டி ஒரு வெள்ளை வளைவு.

12.05. உடைமாற்றும் அறை. வாளித் தண்ணீரில் ஒரு வெற்றுக் கண்ணாடிக் குப்பி, வாய் திறந்தபடி நிமிர்ந்து மிதந்தது. இன்ஸ்பெக்டர் விரலால் சாய்த்தார். குப்பி பெருமூச்சு விட்டு, குமிழ்களைக் கக்கி, அடியில் போய்த் தூங்கிவிட்டது. பிறகு உரையின் தாள்களைக் கேட்டு வாங்கினார்.

12.40. எல்லோரும் குளக்கரையில்.

“தண்ணி மேல தப்பில்ல,” என்றார் இன்ஸ்பெக்டர். “நெஞ்சுல அடைச்சு வெச்ச காத்துதான் சார் உங்களைத் தூக்கிப் பிடிச்சது. பன்னிரண்டு வருஷம் வாயை மூடியிருந்தீங்க, மிதந்தீங்க. இந்த உரையில முதல் ரெண்டு பக்கம் குட்டிக் குட்டி வாக்கியம். மூணாம் பக்கத்துல ஒரு புள்ளிகூட இல்ல. இருந்ததையெல்லாம் வெள்ளை மை வெச்சு அழிச்சிருக்கு. புள்ளி வராம நீங்க மூச்சு வாங்கமாட்டீங்க. காத்தெல்லாம் வார்த்தையாப் போச்சு. நீங்க கீழே போனீங்க.”

“யார் அழிச்சது?”

“நீங்க மூழ்கறதுக்குப் பதிமூணு நிமிஷம் முன்னாடியே வளையத்தைக் கையில எடுத்துட்டு நின்னவர். படத்துல அவர் முழங்கை இருக்கு. மாப்பிள்ளை சார்.”

மாப்பிள்ளை தலைகுனிந்தார். “கொல்ல நினைக்கல மேடம். ஒரே ஒரு தடவை அவரும்...”

“தெரியும். அதுக்குத்தான் வளையம். ஆனா இந்தம்மா மேல பழி விழுந்தப்ப வாயைத் திறக்கலையே, அதுக்கு என்ன சொல்றீங்க?”

மாப்பிள்ளையால் வலைக்காரியைப் பார்க்க முடியவில்லை.

“கைது பண்ணுங்க!” என்றார் செம்மல்.

“புகார் எழுதிக் கொடுங்க. ‘என் பேச்சே என்னை மூழ்கடித்தது’ன்னு ஆரம்பிங்க. மேயருக்கும் ஒரு நகல் போகும்.”

செம்மலின் மீசை துடித்தது. “பொய்! இப்பவே மிதந்து காட்டறேன்.” மூச்சை இழுத்து, வாயை இறுக்கி, தண்ணீரில் இறங்கி மல்லாந்தார். மிதந்தார். என்ன அழகு! தொந்தியில் வெயில் விளையாடியது.

மேசையிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து இன்ஸ்பெக்டர் வலைக்காரியின் கையில் வைத்தார். அவள் அதை இடுப்பில் செருகிக்கொண்டு வலையை நீட்டி, செம்மலின் காதோரம் மிதந்த இலையை அள்ளினாள்.

செம்மலின் கண்கள் உருண்டன. “நீ வெளியே...” என்று தொடங்கினார். கால்விரல்கள் மறைந்தன. வாயை மூடினார். விரல்கள் திரும்பி வந்தன.

வலைக்காரி அவசரப்படவில்லை. அவரைச் சுற்றி இன்னும் நிறைய இலைகள் இருந்தன.